ஏடு கையில்! பூட்டு வாயில்?

திரையில்லை. தீட்டிய காட்சியில்லை. அரிதாரப் பூச்சில்லை, ஆடை அணி மினுக்கில்லை. ஆறேழு முக்காலிகள். அவற்றின்மீது ஆறேழு மாணவர்கள். அவர்தம் கையிலே கறுப்பு அட்டையிட்ட ஏடுகள். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஒரு பெண் ஏட்டைத் திறக்கிறாள். பதினாறு வயதுப் பெண் அவள். வாய் திறந்ததும் பேசுவதோ, பிள்ளையைப் போரில் பறிகொடுத்த எண்பது வயதுக் கிழவன்! அடுத்த முக்காலியிலிருப்பவன் மாண்டுபோன அந்தப் பிள்ளையாகிறான்; மறுநொடி, அவனைப் போருக்கு அனுப்பிய தலைவனாகிறான்; அதற்கும் மறுநொடி, அவனைப் புதைத்துவிட்டு வீடு திரும்பும் ஊராகிறான். மாறியது என்ன? ஆடையா? இல்லை. முகமா? இல்லை. குரல்! குரல் ஒன்றே!

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்கிலே அயோவா என்றொரு மாநிலம். சோளம் விளையும் சமவெளி. அங்கே உயர்நிலைப் பள்ளிகளுக்கெனப் பேச்சுக் கலைச் சங்கம் ஒன்றிருக்கிறது. குளிர்காலச் சனிக்கிழமைகளிலே, மாவட்ட அளவிலும் பின்னர் மாநில அளவிலும், அது நடத்தும் குழுப் போட்டிகளில் ஒன்றுதான் நாம் மேலே காட்டிய காட்சி. ‘ரீடர்ஸ் தியேட்டர்’ என்பது அவர்கள் இட்ட பெயர். கூட்டு வாசிப்பு என்று நாம் கூறுவோம். பக்கத்து மாநிலமான இல்லினாயிலும் இதன் உடன்பிறப்பான போட்டியொன்று உண்டு. அங்கே மாநில வாகையர் பட்டமே வழங்குகிறார்கள். அயோவாவிலோ குழுவுக்குத் தரம் வழங்குகிறார்கள். விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும். அடிப்படை ஒன்றே: பலர் கூடி, ஒரு நூலை, கேட்போர் மனக்கண்ணில் காட்சி எழும்படி வாசிப்பது.

‘அமெரிக்கச் சிறுவர் ஏடு படித்தால் நமக்கென்ன? அயோவா எங்கே, நாம் எங்கே?’ என்று கேட்கக்கூடும் தோழர்கள். ஒருவர் படிக்கப் பலர் கேட்டு வளர்ந்த இயக்கம் நம் இயக்கம். தேநீர்க் கடையிலே, முடிதிருத்தகத்திலே, படிப்பகத்துத் திண்ணையிலே, எழுத்தறிந்த ஒருவர் இயக்க ஏட்டை விரித்து உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்டு, கேட்டதைச் சிந்தித்து, சிந்தித்ததை ஊருக்கு உரைத்தனர். உரக்கப் படிப்பது என்பது எத்தகைய ஆற்றல் என்பதை அறிந்தவர்கள் நாம். ஆகவேதான் எந்த நாட்டிலே, எந்தப் பள்ளியிலே, இளைஞர் கூடி ஏடு படித்தாலும் நம் செவி அந்தப் பக்கம் திரும்புகிறது. அந்த வாயை மூட எவரேனும் கை நீட்டினாலோ, நம் சினமும் அந்தப் பக்கம் திரும்புகிறது!

இந்தக் கலை பெரும்புகழ் பெற்ற கதையே சுவையானது. 1951ஆம் ஆண்டு. சார்லஸ் லாட்டன், சார்லஸ் பாயர், செட்ரிக் ஹார்ட்விக், ஆக்னஸ் மூர்ஹெட் என்ற நான்கு நடிப்புச் செல்வர்கள் மேடை ஏறினர். மாளிகைக் காட்சி இல்லை. மாலை நேரத்து ஆடை, உயர்ந்த முக்காலிகள், எதிரே ஏடு தாங்கும் சட்டங்கள், அவ்வளவுதான். அவர்கள் வாசித்தது என்ன? அறிஞர் பெர்னார்ட் ஷாவின் நாடகமொன்றின் மூன்றாம் பகுதி. நரகத்திலே நடக்கும் சொற்போர்! சாத்தானாக வாசித்தவர் லாட்டன். நெருப்புக் கொப்பரை காட்டவில்லை, கொம்பும் வாலும் ஒட்டவில்லை. ஷாவின் சொல்லை மட்டும் நம்பினார்கள். ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது. நரகம் என்று சொல்லி நடுங்க வைக்கப்பட்ட மக்கள், அதே நரகத்தைக் கேட்டுச் சிரித்தார்கள், சிந்தித்தார்கள். வரிகள் யாவும் அந்த நால்வருக்கும் மனப்பாடம்! என்றாலும் ஏட்டை முன்னே வைத்திருந்தார்கள். ஏன்?

இந்த ‘ஏன்’ என்ற கேள்வியிலேதான் இக்கலையின் உயிர் இருக்கிறது.

நாடக நடிகன், ‘நானே அரசன்’ என்கிறான், நம்புகிறோம். ஏடு தாங்கியவனோ, ‘நான் அரசன் அல்லேன், அரசன் சொன்னதாக இங்கே எழுதப்பட்டிருக்கிறது, கேளுங்கள்’ என்கிறான். மயக்கமில்லை, மறைப்பில்லை. ‘இது எழுதப்பட்டது, எழுதியவன் மனிதன், ஆகவே ஆராயத்தக்கது’ என்று அந்தக் கறுப்பு அட்டை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அசரீரி என்றும், அருள்வாக்கு என்றும், எழுதாக் கிளவி என்றும் சொல்லிச் சொல்லி மக்களை மயக்கியவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுமா?

மற்றொன்றும் உண்டு. ஆடை இல்லாததால், ‘இவனுக்கு இந்த வேடம்தான் பொருந்தும்’ என்ற பேச்சுக்கே இங்கு வேலை இல்லை. ஒருவர் பத்துப் பாத்திரமாகலாம். ஒரு பாத்திரத்தை ஐவர் பங்கிடலாம். பெண் நீதிபதியாகலாம்; பொக்கை வாய்க் கிழவனாகலாம். குள்ளன் வீரனாகலாம், திக்கித் திக்கிப் பேசிய பிள்ளை, மற்றவர் குரலோடு குரல் சேர்த்துப் பழகி, நாளடைவிலே தனிக்குரலும் எடுக்கலாம். பிறப்பைக் காட்டி இடம் ஒதுக்கும் வேலை இந்த மேடையிலே செல்லாது. அதனால்தான் இதனை வெறும் பள்ளிப் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணவில்லை.

‘பார்த்துப் படிப்பது ஒரு கலையா? மனப்பாடம் செய்யச் சோம்பியவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழியல்லவா?’ என்பர் சிலர். அமெரிக்காவிலேயே இப்படிப் பேசுவோர் உண்டு. நாடு தழுவிய பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கென 1925இல் தோன்றிய அமைப்பின் அரங்குகளிலே, நாடகப் பகுதியை ஒருவரோ இருவரோ மனப்பாடமாக நடித்துக் காட்டும் பிரிவுகளே பெயர் பெற்றவை. தனி ஒருவனின் திறமைக்குத் தரப்படும் மதிப்பு, கூடிப் படிக்கும் குழுவுக்குக் கிட்டுவதில்லை.

படிப்பது அத்தனை எளிதா, ஏளனத்துக்குரியதா? அந்த நாட்டு வரலாற்றையே கேட்போம். வடகரோலினா மாநிலம் 1830இல் ஒரு சட்டம் இயற்றியது: அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பது குற்றம்! ஏன்? படித்த அடிமை, அடிமையாக இருக்கச் சம்மதியான் என்பது எசமானர்களுக்குத் தெரிந்திருந்தது. பிரடெரிக் டக்ளஸ் என்ற சிறுவனுக்கு எசமானி எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள், எசமானன் தடுத்தான். தடுத்ததனாலேயே, எழுத்திலே ஏதோ இருக்கிறது என்பதை அந்தச் சிறுவன் புரிந்துகொண்டான். தெருப் பிள்ளைகளிடம் கற்றான், தப்பினான், 1845இல் தன் வரலாற்றைத் தானே எழுதி உலகின் கையிலே கொடுத்தான். அங்கே படிப்பது குற்றமென்றால், இங்கே கேட்பதே குற்றமாக இருந்தது! வேதத்தைக் கேட்ட சூத்திரனின் செவியிலே ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தரும சூத்திரம். எதிரி எதைக் கண்டு அஞ்சினானோ, அதை நம்மவர் எளிதென்று எண்ணலாமா? உரக்கப் படிக்கும் வாயும், கூடிக் கேட்கும் காதும் வெறும் உறுப்புகள் அல்ல, தோழர்களே! வெல்லப்பட்ட உரிமைகள்!

இன்னொரு கேள்வி எழுப்புகிறார்கள். இது நேர்மையான கேள்வி. ஆகவே மதித்து விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். ‘வெள்ளையர் வீட்டுப் பிள்ளை, கறுப்பரின் துயரத்தைத் தன் வாயால் பேசுவதா? அது இன்னொரு சுரண்டல் அல்லவா?’ என்பது கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே முகத்திலே கரி பூசிக்கொண்டு, கறுப்பரைக் கோமாளியாக்கி, வெள்ளையர் ஆடிய ஆபாசக் கூத்துகளை நினைவிலே கொண்டு கேட்கப்படுவது அது. கரி பூசியவன் செய்தது என்ன? பிறரைப் போலப் பாசாங்கு செய்து இழித்தான். ஏடு தாங்குபவனோ பாசாங்கு செய்யவில்லை, சாட்சியம் படிக்கிறான். ‘என் பாட்டன் காலத்திலே இது நடந்தது, நடந்ததை அனுபவித்தவர் இப்படி எழுதி வைத்திருக்கிறார், நான் படிக்கிறேன், என் ஊர் கேட்கட்டும்’ என்கிறான். மார்ட்டின் டூபர்மன் என்ற வரலாற்றறிஞர் 1963இல் அமைத்த ‘வெள்ளை அமெரிக்காவிலே’ என்ற நாடகம் இத்தகையதே. அடிமைக் காலந்தொட்டு இருபதாம் நூற்றாண்டு வரையுள்ள கடிதங்களையும் பதிவுகளையும் கோத்தது. அதைப் படிக்கும் வெள்ளைச் சிறுவன் எதையும் திருடவில்லை. தன் வீட்டார் மறைத்து வைத்த கணக்கைப் படித்துக் காட்டுகிறான். ஆனால் ஒன்று: பக்கத்து முக்காலியிலே கறுப்பர் வீட்டுப் பிள்ளைக்கும் இடமிருக்க வேண்டும், ஏட்டைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலே அவன் குரலும் ஒலிக்க வேண்டும். அது இல்லாவிடில், கேட்டவர் கேள்வி நிலைத்து நிற்கும்.

வித்தை பற்றிய பேச்சு போதும். முதற் கேள்விக்கு வருவோம். ஏடு கையில் இருக்கிறது, எந்த ஏடு?

இல்லினாய் மாநிலத்துச் சிற்றூரொன்றின் இடுகாட்டிலே உறங்குவோர், ஒருவர்பின் ஒருவராக எழுந்து தம் வாழ்வின் உண்மையைச் சொல்வதாக, எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘ஸ்பூன் ரிவர்’ ஊரின் இருநூறுக்கு மேற்பட்ட குரல்கள். வங்கியைச் சூறையாடியவன், தேவாலயத்திலே முன்வரிசையில் அமர்ந்தவன், அவனால் கெடுக்கப்பட்டவள், அவளை ஊரைவிட்டு ஓட்டியவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள். உயிரோடிருந்தவரை பொய் பேசிய ஊர், செத்தபின் உண்மை பேசுகிறது! கூட்டு வாசிப்புக்கென்றே செய்தது போன்ற நூல். 1963இல் சார்லஸ் எய்ட்மன் அதை மேடைக்காகத் தொகுத்தபின் பள்ளிகளும் கல்லூரிகளும் விரும்பி எடுத்துக்கொண்டன. ஆனால் கவிஞர் வளர்ந்த லூயிஸ்டவுன் ஊர் என்ன செய்தது தெரியுமா? பள்ளியிலும் நூலகத்திலும் அந்நூலை நுழையவிடவில்லை. நூலகக் குழுவிலே இருந்த கவிஞரின் தாயே தடைக்கு ஆதரவாகக் கை தூக்கினார்! பெற்ற தாயே அஞ்சும்படி உண்மை பேசிய நூல்தான், பிற்காலத்திலே பிள்ளைகள் கையிலே ஏடாகிப் பரிசு பெற்றது.

அந்தக் கவிஞர் வழக்கறிஞரும் ஆவார். சில ஆண்டுகள் அவரோடு கூட்டாகத் தொழில் நடத்தியவர் யார்? பகுத்தறிவாளர் அனைவரும் அறிந்த கிளாரன்ஸ் டாரோ! 1925 சூலைத் திங்களிலே, டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரிலே, பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஆசிரியர் ஸ்கோப்ஸ் கூண்டிலே நிறுத்தப்பட்டபோது, அவருக்காக வாதாடிய அதே டாரோ. மும்முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பிரையன், வேதநூலின் காவலராக எதிரணியிலே நின்றார். அவரையே சாட்சியாக அமர்த்தி, மீன் விழுங்கிய யோனா பற்றியும், காயினுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்பது பற்றியும் டாரோ கேட்டார். கேள்வி ஒன்று, தடுமாற்றம் ஒன்று, சிரிப்பொலி ஒன்று. நீதிமன்றப் பதிவே நாடகமாக இருக்கிறது! ஸ்கோப்சுக்கு 100 டாலர் தண்டம் விதித்தார்கள். பின்னர் மேல்மன்றம் அதைத் தள்ளிற்று. சட்டமோ 1967 வரை நீக்கப்படாமல் நின்றது. இரண்டு முக்காலி, இரண்டு ஏடு, இரண்டு மாணவர் போதும். அந்தப் பதிவை வாசித்தால், அரங்கிலே அமர்ந்திருக்கும் எந்தப் பெற்றோரும் வீடு திரும்பும்போது ஒரு கேள்வியோடுதான் திரும்புவர்.

இத்தகைய ஏடுகளா போட்டிகளிலே மிகுதியாக ஒலிக்க வேண்டும்? ஆம் என்கிறோம் நாம். ‘வேண்டாம், வம்பு!’ என்கிறார்கள் அங்கே வாலிபத்தை வளர்க்கும் பொறுப்பேற்றோர் பலர். முயலும் நரியும் பேசும் வேடிக்கைக் கதை, தேவதைக் கதையைத் திருப்பிப் போட்ட கேலி, இவை போதுமாம். கேலியை நாம் வெறுக்கவில்லை, சிரிப்பும் படைக்கலமே. ஆனால் அச்சத்தின் காரணமாகச் சிரிப்பவனின் சிரிப்பு, சிரிப்பாகுமா? ஏடுகள் ஒரே நொடியிலே படீரென்று திறக்கின்றன; ஒரே நொடியிலே மூடுகின்றன. தலைகள் ஒன்றாகத் திரும்புகின்றன. மூச்சும் ஒன்றாக வாங்குகின்றனர். நடுவர் வியக்கிறார், உயர்ந்த தரம் வழங்குகிறார். ஏடு திறந்த ஓசை கேட்டது, உள்ளம் திறந்ததா? அதற்கு மதிப்பெண் பட்டியலிலே இடம் எங்கே?

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. கூட்டு வாசிப்புக்குப் புகழ் பெற்ற அதே அயோவாவிலே 2023 மே திங்களிலே ஒரு சட்டம் பிறந்தது. செனட் மசோதா 496 என்பது அதன் எண். பாலுறவுச் செயலை வருணிக்கும் நூல் எதுவும் பள்ளி நூலகத்தில் இருத்தல் ஆகாது என்றது அது. பிள்ளைகளின் நலன் காக்கவாம்! விளைவு? பள்ளிகள் சிலவற்றின் அலமாரிகளிலிருந்து ஆர்வெலின் ‘1984’ இறங்கியது. ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ இறங்கியது. 1993இல் நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ இறங்கியது. அடிமைப் பெண் பட்ட பாட்டைச் சொல்லும் நூல் ஆபாசம்! அவளை அப்பாட்டுக்கு ஆளாக்கிய வரலாறு மட்டும் பெருமைக்குரியதோ?

கேளுங்கள் வேடிக்கையை! அதே சட்டத்திலே ஒரு விதிவிலக்கு. எதற்கு? விவிலியம், தோரா, குரான் போன்ற சமய நூல்களுக்கு! லோத்தின் பெண்கள் தந்தைக்கு மது ஊட்டிச் செய்தது என்ன? அம்னோன் தன் தங்கைக்கு இழைத்தது என்ன? விவிலியத்திலேதான் இருக்கின்றன. அவை பிள்ளைகளைக் கெடுக்காதாம். மாரிசன் எழுதினால் கெடுக்குமாம்! நாம் விவிலியத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. எந்த ஏட்டையும் தடுக்கச் சொல்லோம். ஒரே அளவுகோலை இரு நூலுக்கும் வையுங்கள் என்றுதான் சொல்கிறோம். புராண ஆபாசங்களைச் சொன்னவன்மேல் பாய்ந்து, எழுதியவனைத் தொழும் பழக்கத்தை நம் நாட்டிலே கண்டவர்கள் நாம். ஆகவே அயோவாவின் இந்த நீதி நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

நூல் வெளியிட்டோரும் எழுத்தாளரும் ஆசிரியரும் வழக்காடினர். 2023 திசம்பரிலே மாவட்ட நீதிமன்றம் சட்டத்தின் நூலகப் பகுதியை நிறுத்தி வைத்தது. 2024 ஆகஸ்டிலே மேல்மன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2025 மார்ச்சிலே மாவட்ட நீதிமன்றம் மீண்டும் நிறுத்தி வைத்தது. இந்தச் சட்டம் நூலகத்தைப் பற்றியது, பேச்சுப் போட்டியைப் பற்றியதல்ல என்பது உண்மையே. ஆனால் அலமாரியிலே இருக்கலாகாது என்று ஓட்டப்பட்ட நூலை, அரங்கிலே ஏந்தி உரக்கப் படிக்க எந்த ஆசிரியர் துணிவார்? நூலகத்தில் விழும் பூட்டின் ஓசை மேடைவரை கேட்கும்!

1998 அக்டோபரிலே, வையோமிங் மாநிலத்து லாரமி ஊரிலே, தன்பாலீர்ப்பு உடையவன் என்பதற்காகவே மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவன் அடித்து வேலியிலே கட்டப்பட்டு, மருத்துவமனையிலே மாண்டான். நாடகக் குழுவொன்று அந்த ஊருக்குச் சென்று, மக்களை நேரிலே கண்டு பேசி, அவர்கள் சொன்ன சொற்களைக் கொண்டே 2000ஆம் ஆண்டு ஒரு நாடகம் அமைத்தது. எட்டு நடிகர், அறுபதுக்கு மேற்பட்ட பாத்திரங்கள். வெறுத்தவனும் பேசுகிறான், வருந்தியவனும் பேசுகிறான். தம் வயதை ஒத்த ஒருவன் ஏன் கொல்லப்பட்டான் என்பதை மாணவர் கூடிப் படிக்க இதைவிடத் தக்க ஏடு எது? அதுவும் சில பள்ளிகளிலே தடுக்கப்பட்டது. கொலையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் கெட்டுப்போவார்களாம். கொலைக்குக் காரணமான வெறுப்பை வீட்டிலே கேட்டால் கெடமாட்டார்களோ?

குறை கூறியதோடு நில்லாமல், நம் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். ஏட்டை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். ஆசிரியர் துணை நிற்கட்டும். ‘இதை ஏன் எடுத்தீர்கள்?’ என்று நடுவர் ஒரு கேள்வி கேட்கட்டும், விடைக்கும் மதிப்பளிக்கட்டும். எதிர்ப்புத் தெரிவிக்கும் பெற்றோரை முதல் வரிசையிலே அமரச் சொல்லுங்கள். முழுவதும் கேட்கச் சொல்லுங்கள். கேட்டபின் பேசச் சொல்லுங்கள். படியாமலே தடுப்பதும், கேளாமலே கொதிப்பதும்தான் தடைக்காரர்களின் தனிப்பெருங்கலை. அந்தக் கலைக்கு மாற்று, கேட்கும் கலை ஒன்றே.

ஏட்டைக் கண்டு அஞ்சிய ஆட்சியை நாமும் கண்டிருக்கிறோம். நடிகவேள் எம்.ஆர்.இராதாவின் இராமாயண நாடகம் வைதீகத்தின் உறக்கத்தைக் கெடுத்தபோது, 1954இல் சென்னை மாநிலத்திலே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. நாடகப் படியைக் கொண்டுவந்து காட்டு என்றது. படியைக் கேட்டார்கள், வாயை மூட முடிந்ததா? மேடை மறுத்தால் தெருவிலே பேசினோம். தெரு மறுத்தால் திண்ணையிலே படித்தோம்.

அயோவாவின் பனியிலே முக்காலியேறி அமர்ந்திருக்கும் பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளும் அதைத்தான் செய்ய வேண்டும். அவர்கள் கையிலே ஏடிருக்கிறது. கூடி நிற்க ஆறேழு தோழர் இருக்கின்றனர். கேட்க ஒரு கூட்டம் வந்து அமர்ந்திருக்கிறது. இத்தனையும் கிட்டாமல் ஏங்கி மடிந்தவர் எத்தனை ஆயிரம்! கிட்டியவர்கள் முயற்கதை படித்துப் பரிசு வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாமா? பரிசுக் கேடயம் பள்ளிக்கூடத்து அலமாரியிலே துருப்பிடிக்கும். உரக்கப் படித்த ஓர் உண்மையோ, கேட்டவன் நெஞ்சிலே கேள்வியாகிக் குடைந்துகொண்டே இருக்கும்.

ஏடு கையில் இருக்கட்டும். வாயில் பூட்டு மட்டும் வேண்டாம்!